உவர்மலைச் சனிக்கிழமை வகுப்பு: பத்துக் கிழமை பின்வாங்கில் இருந்து பார்த்தது

மகள் இந்த வருசம் சாதாரண தரம் எழுதுகிறாள். வரலாற்றுக்கு முதலில் ஒரு பெரிய ரியூசன் வகுப்புக்குத்தான் அனுப்பினேன். நூறு பிள்ளைகளுக்கு மேல், ஒருவர் மைக்கில் நோட்ஸ் சொல்லச் சொல்ல எழுதுவது, நேரம் முடிந்தால் வீட்டுக்கு வருவது, அவ்வளவுதான். அமெரிக்கச் சுதந்திரப் போருக்கு அவள் கொப்பியில் ஒன்றரைப் பக்கம் இருந்தது. 1765 முத்திரைச் சட்டம், 1773 பொஸ்டன் தேநீர் விருந்து, 1776 சுதந்திரப் பிரகடனம், 1783 பரிஸ் உடன்படிக்கை, கீழே சிவப்புப் பேனையால் ஒரு கோடு. முத்திரைக்கும் தேயிலைக்கும் இடையில் எட்டு வருசம் என்ன நடந்தது என்று கேட்டேன். "அது வராது அப்பா" என்றாள். சோதனைக்கு வராது என்கிறாள். அந்த மாதத்தோடு அந்த வகுப்பை நிறுத்திவிட்டேன்.

எங்களுடையது ஹாட்வெயார் கடை. கடைக்கு வழமையாக வருகிற அண்ணன் ஒருவர்தான் சொன்னார், திருகோணமலை உவர்மலையில் ஓய்வுபெற்ற சேர் ஒருவர் சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணியில் இருந்து ஐந்தரை வரை அமெரிக்க வரலாறு மட்டும் தனியாக எடுக்கிறார், பத்துக் கிழமை, அதில் சோதனைக்கு வேண்டியதும் வரும் வேண்டாததும் வரும் என்று. மாதம் 1,500 ரூபா. இருபத்திரண்டு பிள்ளைகள். அவருடைய வீட்டு முன் விறாந்தையை அடைத்துத்தான் வகுப்பு, நீள வாங்கு, ஒரு கரும்பலகை, சுவரில் உலகப் படம். பெற்றோரும் விரும்பினால் பின்வாங்கில் இருக்கலாம், அதற்குக் காசு வாங்குவதில்லை. நான் முதல் நாள் மகளைக் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்புவதாகத்தான் இருந்தேன். மழை பிடித்துக்கொண்டது, இருந்தேன், அப்புறம் பத்துக் கிழமையும் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுப் போய் இருந்தேன். சேர் தன் பெயரைப் போட வேண்டாம் என்றதால் போடவில்லை.

முதல் நாளே எனக்குப் பிடித்துப்போன விசயம், அவர் 1765இல் தொடங்கவில்லை. கரும்பலகையின் மேல் ஓரத்தில் இரண்டே கேள்வி எழுதினார். யார் கட்டுவது? யாரைக் கேட்டு? பத்துக் கிழமையும் அந்த இரண்டு வரியை அவர் அழிக்கவே இல்லை, கீழே உள்ளதை மட்டும் அழித்து அழித்து எழுதினார்.

தொடங்கியது கடனில் இருந்து. 1754இல் காட்டுக்குள் பிரெஞ்சுக்காரரோடு நடந்த ஒரு சின்னச் சண்டை, அதில் வேர்ஜீனியாப் படைக்குத் தலைமை தாங்கிய இருபத்திரண்டு வயதுப் பெடியன் ஜோர்ஜ் வொஷிங்டன், அது ஊதி ஊதி ஏழாண்டுப் போராகி 1763இல் பிரித்தானியா வென்று முடிந்தபோது அதன் கடன் கிட்டத்தட்ட இருமடங்காகியிருந்தது. அதோடு வென்ற நிலத்தைக் காவல் காக்க சுமார் 10,000 படையினரை அமெரிக்காவிலேயே வைத்திருக்க லண்டனில் முடிவு எடுத்தார்கள். அந்தச் செலவை யார் கட்டுவது? உங்களுக்காகத்தானே சண்டை பிடித்தோம், நீங்களும் கட்டுங்கள் என்றது பாராளுமன்றம். எங்களைக் கேட்டீர்களா, அந்தப் பாராளுமன்றத்தில் எங்கள் ஆள் ஒருவர்கூட இல்லையே என்றார்கள் அங்கே குடியேறி இருந்தவர்கள். இதைப் பிடித்துக்கொண்டால் அடுத்த இருபது வருசத்துச் சட்டங்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வருவது தானாக விளங்குகிறது. மகளுடைய பழைய கொப்பியில் இல்லாதது இந்த இழுவைதான்.

1764 சீனிச் சட்டத்தை எடுத்தபோது சேர் ஒரு கேள்வி போட்டார். சீனிப்பாணிக்கு ஒரு கலனுக்கு ஆறு பென்ஸ் இருந்த வரியை மூன்று பென்ஸாகக் குறைத்தார்கள், பிறகு ஏன் வியாபாரிகளுக்குக் கோபம் வந்தது? பிள்ளைகள் ஒருவரும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது, கை தூக்கினேன். ஆறு பென்ஸை ஒருவரும் கட்டவில்லை, மூன்றை உண்மையாகவே அறவிடப் போகிறார்கள். அதேதான். கடத்தல் வழக்குகள் யூரிமார் இல்லாத கடல்சார் நீதிமன்றத்துக்குப் போயின, அங்கே உள்ளூர்க்காரர் யாரும் உங்கள் பக்கம் இருந்து தீர்ப்புச் சொல்ல மாட்டார். வரியின் தொகை ஒரு பிரச்சினை, வரியை எடுக்கிற விதம் வேறொரு பிரச்சினை. கடை வைத்திருக்கிறவனுக்கு இது உடனே விளங்கும். ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கும் அரை மணித்தியாலத்தில் விளங்க வைத்தாரே, அதற்குத்தான் பாராட்டு.

முத்திரைச் சட்டத்துக்கு அவர் செய்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மேசையில் ஒரு பழைய காணி உறுதியின் போட்டோ கொப்பி, அன்றைய பத்திரிகை, ஒரு கட்டுச் சீட்டு, இரண்டு தாயக்கட்டை, ஒரு கலண்டர் எல்லாம் பரப்பினார். சிவப்புக் கடதாசியைச் சின்னச் சதுரமாக வெட்டி ஆளுக்கு ஐந்து கொடுத்து, இன்றைக்கு முழுக்க நீங்கள் தொடுகிற கடதாசி ஒவ்வொன்றிலும் ஒன்றை ஒட்ட வேண்டும், ஒட்டாவிட்டால் அது செல்லாது, ஒவ்வொன்றுக்கும் என்னிடம் காசு கட்ட வேண்டும் என்றார். பிள்ளைகள் கொப்பியைத் திறக்கவே யோசித்தார்கள். வழக்கறிஞர், பத்திரிகை அச்சடிப்பவர், சாராயக் கடைக்காரர், சீட்டு விளையாடுகிறவர், ஆக வாய் உள்ளவர்கள் எல்லாரையும் ஒரே நாளில் பகைத்துக்கொண்ட சட்டம் அது என்று அப்போது சொன்னார். சட்டம் நடைமுறைக்கு வர இருந்த 1765 நவம்பர் முதலாம் திகதிக்கு முன்னரே முத்திரை விற்க நியமிக்கப்பட்டவர்கள் அநேகமாக எல்லாரும் பயந்து பதவியை விட்டுவிட்டார்கள். அமெரிக்காவில் பிரித்தானியாவுக்கு இருந்த பதின்மூன்று குடியேற்றங்களில் ஒன்பதின் பிரதிநிதிகள் நியூயோர்க்கில் கூடினார்கள். 1766 மார்ச் 18 அன்று சட்டத்தைத் திரும்பப் பெற்றார்கள். அதே நாளில் இன்னொரு சட்டமும் நிறைவேறியது, குடியேற்றங்களுக்கு எந்த விசயத்திலும் சட்டம் இயற்ற எங்களுக்கு அதிகாரம் உண்டு என்று. இந்த இரண்டாவது சட்டம் எந்த நோட்ஸிலும் எங்கள் கண்ணில் படவில்லை. சண்டை முடியவில்லை, தள்ளிப்போனது மட்டும்தான் என்பது இது தெரிந்தால்தான் விளங்கும்.

1767இல் டவுன்சென்ட் வரிகள், அப்போதைய பிரித்தானிய நிதியமைச்சரின் பெயரால். கண்ணாடி, ஈயம், பெயின்ட், கடதாசி, தேயிலை. சேர் பட்டியலை எழுதியதும் மகள் திரும்பி என்னைப் பார்த்தாள், அதில் பாதி எங்கள் கடையில் இருக்கிற சாமான். மக்கள் அந்தச் சாமான்களை வாங்காமல் விட்டார்கள், பெண்கள் வீட்டில் நூல் நூற்று நெய்து உடுத்தினார்கள். சுதேசி, கதர் என்று நாங்கள் கேள்விப்பட்ட கதைக்கு நூற்று முப்பது வருசத்துக்கு மேல் முந்திய கதை இது. 1770இல் நான்கு சாமானின் வரியை எடுத்துவிட்டுத் தேயிலை வரியை மட்டும் விட்டுவைத்தார்கள், அதிகாரம் எங்களுடையது என்று காட்ட.

அதே 1770 மார்ச் 5 இரவு பொஸ்டனில் படையினர் கூட்டத்தை நோக்கிச் சுட்டு ஐந்து பேர் இறந்தார்கள். முதலில் விழுந்தவர்களில் ஒருவர் கிறிஸ்பஸ் அட்டக்ஸ், ஆபிரிக்க, செவ்விந்திய வழி வந்த கப்பல் தொழிலாளி. சுட்ட படையினருக்காக நீதிமன்றத்தில் வாதாட வந்தவர் ஜோன் அடம்ஸ், பிற்காலத்தில் அமெரிக்காவின் இரண்டாவது ஜனாதிபதி, அப்போதே பிரித்தானிய வரிகளை எதிர்த்துக்கொண்டிருந்த ஆள். எட்டுப் படையினரில் ஆறு பேர் விடுதலை, இரண்டு பேருக்குக் கைமோசக் கொலைக் குற்றம், தண்டனையாகக் கட்டைவிரலில் சூடு போட்டார்கள். சேர் இந்த வழக்குக்கு ஒரு முழு வகுப்பைக் கொடுத்தார். பிள்ளைகளை இரண்டு பக்கமாகப் பிரித்து வாதாட விட்டார். ஒரு பிள்ளை எழும்பி, தன் ஊர்ச்சனத்தைச் சுட்டவனுக்காக ஏன் அந்த ஆள் வாதாட வேண்டும் என்று குரல் நடுங்கக் கேட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை. எங்கள் ஊரில் இந்தக் கேள்வி வெறும் பாடக் கேள்வி இல்லை, விறாந்தையில் இருந்த எல்லாருக்கும் அது தெரியும். சேரும் அவசரப்பட்டுப் பதில் சொல்லவில்லை. வழக்கு ஒழுங்காக நடந்தால்தான் உண்மையில் என்ன நடந்தது என்று பதிவாகும், பதிவானால்தான் பிறகு கேட்கலாம் என்று மட்டும் சொன்னார். அந்த வகுப்பு ஒன்றுக்கே நான் மாதக் காசைக் கொடுப்பேன்.

தேயிலைக்கு வருவோம். பொஸ்டன் தேநீர் விருந்தில் தண்ணீரில் கொட்டியது இலங்கைத் தேயிலையா என்று ஒரு தம்பி கேட்டான், நல்ல கேள்வி. இல்லை, சீனத் தேயிலை. இங்கே ஜேம்ஸ் டெய்லர் தோட்டம் போட்டது 1867இல், தொண்ணூறு வருசத்துக்கு மேல் பிந்தி. 1773 தேயிலைச் சட்டத்தாலும் தேயிலை மலிந்ததுதான், விலை ஏறவில்லை. கடனில் தத்தளித்த கிழக்கிந்தியக் கம்பனி தன்னிடம் தேங்கியிருந்த தேயிலையைத் தானே தெரிவு செய்த முகவர்கள் மூலம் நேரே அமெரிக்காவில் விற்க அந்தச் சட்டம் வழி விட்டது, வரி மட்டும் அப்படியே இருந்தது. ஒரு பெரிய கம்பனி எங்கள் தெருவில் தானே கடை திறந்து, எங்களைப் போன்ற சில்லறைக் கடைக்காரரை விட்டுவிட்டு நேரே சனத்துக்கு மலிவாக விற்றால் வாங்குகிறவருக்குச் சந்தோசம்தான், எங்கள் நிலைமை? அதுதான் பொஸ்டன் வியாபாரிகளின் நிலைமை. டிசம்பர் 16 இரவு மூன்று கப்பலில் இருந்து சுமார் 340 பெட்டி தேயிலை கடலுக்குள் போனது.

அதற்குப் பதிலடியாக 1774இல் வந்த சட்டங்களில் முதலாவது பொஸ்டன் துறைமுகச் சட்டம். கொட்டிய தேயிலைக்குக் காசு கட்டும் வரை துறைமுகம் மூடல், ஜூன் முதலாம் திகதியில் இருந்து. சேர் கேட்டார், துறைமுகத்தை மூடினால் முதலில் யார் வீட்டு அடுப்பு அணையும்? சாம்பல்தீவுப் பக்கத்துப் பிள்ளை ஒன்று உடனே சொன்னது, "வள்ளம் வைத்திருக்கிறவர் இல்லை சேர், வள்ளத்தில் கூலிக்குப் போறவர்." என் அப்பாவும் கடற்தொழில்தான் செய்தவர், வாடியில் வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். யுத்த காலத்தில் கடலுக்குப் போகத் தடை வந்த நாட்களில் வலை கரையில் காய்ந்துகொண்டே கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். தேயிலையைக் கொட்டியவர் சில பேர், பட்டினி கிடந்தது முழு ஊர். அந்தச் சட்டம் பொஸ்டனைத் தனிமைப்படுத்தும் என்று லண்டன் கணக்குப் போட்டது, ஆனால் தென் கரோலைனாவில் இருந்து அரிசி வந்தது, மற்ற இடங்களில் இருந்து ஆடு, தானியம் வந்தது, செப்டம்பரில் பிலடெல்பியாவில் பன்னிரண்டு குடியேற்றங்கள் ஒன்றாகக் கூடின. இதை விளங்கப்படுத்தும்போது சேர் கரும்பலகைப் பக்கம் போகவே இல்லை, உலகப் படத்தில் பொஸ்டனில் விரலை வைத்தபடி நின்றார்.

சண்டைகளை அவர் வேகமாகத்தான் தாண்டினார். 1775 ஏப்ரல் 19 லெக்சிங்டன், கொன்கோர்ட், 1777 சரட்டோகா, 1781 யோர்க்டவுன், ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிசம். எனக்கு அதில் குறை இல்லை. பிரகடனத்துக்கு நேரம் எடுத்தார். எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர் என்று எழுதிய ஜெபர்சன் தானே அடிமைகளை வைத்திருந்தவர், அடிமை வியாபாரத்துக்காக மன்னரைக் குற்றம் சாட்டி அவர் எழுதிய பந்தியைக் குடியேற்றங்களின் சபையான காங்கிரஸ் வெட்டியது, இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்றார்.

இனி இந்த வகுப்பை வேறு எந்த வகுப்போடும் ஒப்பிட முடியாமல் செய்த விசயம். ஏழாவது கிழமை வகுப்பு விறாந்தையில் நடக்கவில்லை, பிரெட்ரிக் கோட்டைக்கு வரச் சொன்னார். கோணேசர் கோவிலுக்குப் போகிற வழியில் மான்கள் நிற்குமே, அந்த மர நிழலில் பிள்ளைகளை இருத்திவிட்டு, அமெரிக்கச் சுதந்திரப் போர் இந்த இடத்துக்கும் வந்தது என்றார். நான் பிறந்து வளர்ந்த ஊர் இது, ஆயிரம் தடவை அந்த வாசலால் போயிருக்கிறேன், ஒருவரும் இதை எனக்குச் சொல்லவில்லை.

கதை இதுதான். ஒல்லாந்த வியாபாரிகள் கரீபியன் தீவு ஒன்றின் வழியாக அமெரிக்கருக்கு வெடிமருந்தும் சாமானும் விற்றுக்கொண்டிருந்தார்கள். 1780 செப்டம்பரில் ஹென்றி லோரன்ஸ் என்ற அமெரிக்கத் தூதர் கடன் கேட்டு ஒல்லாந்துக்குப் போகிற வழியில் பிரித்தானியக் கப்பலிடம் பிடிபட்டார். அவர் கடலில் எறிந்த கடதாசிப் பையை மாலுமிகள் தூக்கிவிட்டார்கள், உள்ளே அமெரிக்காவும் ஒல்லாந்தும் செய்யலாம் என்று யோசித்த உடன்படிக்கையின் வரைவு. லோரன்ஸ் லண்டன் கோபுரச் சிறைக்குப் போனார். டிசம்பரில் பிரித்தானியா ஒல்லாந்து மேல் போர் தொடுத்தது. ஒல்லாந்து மேல் போர் என்றால் ஒல்லாந்தர் கையில் இருந்த திருகோணமலை மேலும் போர். 1782 ஜனவரியில் பிரித்தானிய அட்மிரல் ஹியூஸ் வந்து இந்தக் கோட்டையையும் ஒஸ்டன்பேர்க் கோட்டையையும் பிடித்தார், யோர்க்டவுனில் பிரித்தானியத் தளபதி கோர்ன்வாலிஸ் அமெரிக்கரிடம் சரணடைந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஓகஸ்ட் கடைசியில் அமெரிக்கரின் கூட்டாளியான பிரான்சின் அட்மிரல் சப்ரன் அதைப் பறித்தார். ஹியூஸ் கப்பல்களோடு திரும்பி வந்தபோது கோட்டையில் பிரெஞ்சுக் கொடி. செப்டம்பர் 3 அன்று எங்கள் கடலில் இரண்டு கப்பற்படையும் மோதின, யாருக்கும் தெளிவான வெற்றி இல்லை. சரியாக ஒரு வருசம் கழித்து, 1783 செப்டம்பர் 3 அன்று, பரிஸில் உடன்படிக்கை கையெழுத்தானது. மகளின் பழைய கொப்பியில் நான்காவது வரியாக இருந்த அதே உடன்படிக்கை.

இதே இரண்டு அட்மிரல்களும் கடைசியாக மோதியது 1783 ஜூனில் கடலூருக்கு முன்னால், அங்கே பொஸ்டனைப் பற்றிக் கேள்விப்பட்டவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? சமாதானத்தில் ஒல்லாந்தருக்குத் திருகோணமலை திரும்பக் கிடைத்தது, நாகப்பட்டினம் கிடைக்கவில்லை, அதைப் பிரித்தானியா வைத்துக்கொண்டது. யோர்க்டவுனில் தோற்ற கோர்ன்வாலிஸ் 1786இல் இந்தியாவுக்கு ஆளுநர் நாயகமாக வந்தார். 1795இல் பிரித்தானியர் திரும்ப இங்கே வந்தார்கள், 1803இல் கோட்டைக்குப் பிரெட்ரிக் என்று பெயர் வைத்தார்கள். யார் அந்தப் பிரெட்ரிக்? அமெரிக்கர் எந்த மன்னருக்கு எதிராகக் கிளம்பினார்களோ அந்த மூன்றாம் ஜோர்ஜின் மகன். சேர் அதைச் சொன்னதும் பிள்ளைகள் எழும்பிப் போய் வாசலை நிமிர்ந்து பார்த்தார்கள். நானும் போனேன். டச்சுக்குடாப் பக்கம் காற்று நன்றாக வீசிக்கொண்டிருந்தது, மகள் கொப்பியை மடியில் வைத்துப் பக்கம் பறக்காமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு எழுதினாள். அன்றைக்கு அவள் எழுதியது ஆறு பக்கம், யாரும் சொல்லி எழுதவில்லை.

அதற்குப் பிறகு வந்தது அரசியல் அமைப்பு. முதலில் இருந்த கூட்டமைப்புக்கு வரி விதிக்க அதிகாரமே இல்லை, மாநிலங்களிடம் கேட்டு வாங்க வேண்டும். போரில் நின்று திரும்பிய மசாசுசெட்ஸ் விவசாயிகள் கடனுக்குக் காணியை இழந்துகொண்டிருந்தார்கள், 1786இல் டானியல் ஷேய்ஸ் என்ற முன்னாள் படை அதிகாரியோடு சேர்ந்து நீதிமன்றங்களை மறித்தார்கள். பயந்துபோன தலைவர்கள் 1787இல் பிலடெல்பியாவில் கதவைச் சாத்திக்கொண்டு கூடினார்கள், 55 பேர், கடைசியில் கையெழுத்து வைத்தவர்கள் 39 பேர். மடிசன், ஹமில்டன் என்று பெயர்கள் இங்கேதான் வருகின்றன, அவர்களை ஆளாகக் காட்டினார், படமாகக் காட்டவில்லை. மாநிலத்துக்கு எத்தனை பிரதிநிதிகள் என்று கணக்கிட அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காக எண்ணுவது, 1808 வரை அடிமை இறக்குமதியைக் காங்கிரஸ் தடுக்கக் கூடாது என்பது, ஆனால் அடிமை என்ற சொல்லை மட்டும் அந்த ஆவணத்தில் எழுதாமல் தவிர்த்தது, எல்லாவற்றையும் வரி வரியாகக் காட்டினார். சொல்லக் கூசுகிற சொல்லை எழுதாமல் விட்டு, அந்த வேலையைச் சட்டத்தால் செய்தார்கள் என்று அவர் சொன்னபோது வகுப்பே அமைதியாக இருந்தது. 1791 உரிமைகள் சாசனம், அதே வருசம் நிதியமைச்சர் ஹமில்டன் கொண்டுவந்த விஸ்கி வரி, 1794இல் மேற்குப் பென்சில்வேனியா விவசாயிகள் கிளம்பியது, அதை அடக்க சுமார் 13,000 பேர் கொண்ட படையோடு ஜனாதிபதி வொஷிங்டனே புறப்பட்டது. நாற்பது வருசத்துக்கு முன் அந்தக் காட்டுக்குள் சண்டை தொடங்கிய அதே ஆள், இப்போது வரி அறவிடும் பக்கத்தில். இந்த முறை மக்களின் பிரதிநிதிகள் வாக்களித்த வரி, ஆகவே இரண்டாவது கேள்விக்குப் பதில் இருக்கிறது, அது போதுமா என்று சேர் பிள்ளைகளிடமே விட்டுவிட்டார்.

இனி குறைகள். போட்டோ கொப்பி மோசம். படங்களில் பாதி கறுப்பாகவே விழுந்திருந்தது, பதின்மூன்று குடியேற்றங்களின் படத்தில் எல்லைக்கோடு தெரியவில்லை, மகள் வீட்டில் திரும்பக் கீறினாள். ஒரே ஒரு மின்விசிறி, அது முன்வாங்குக்குத்தான். இரண்டு நாள் கரண்ட் நின்றபோது வகுப்பு முற்றத்து வேம்புக்குக் கீழே நடந்தது, கரும்பலகை இல்லாமல், அது பரவாயில்லை. சோதனை வினாத்தாள் பயிற்சி மிகக் குறைவு, கடைசிக் கிழமை மட்டும் ஒரு பேப்பர் செய்தார்கள். பிள்ளைக்கு ஏ எடுப்பது மட்டும்தான் தேவை என்றால் இதோடு சேர்த்துக் கடந்தகால வினாத்தாள் புத்தகம் ஒன்று வாங்கிச் செய்விக்க வேண்டும். இரண்டு பெற்றோர் இதற்காகவே நடுவில் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். எனக்கு அது வருத்தம். மகள் தவணைப் பரீட்சையில் ஏன், எவ்வாறு என்று தொடங்கும் கேள்விகளுக்குத்தான் முதலில் பயப்படுவாள், இப்போது அவற்றை முதலில் எழுதுகிறாள்.

பெரிய குறை வேறு. அந்த மண்ணின் ஆதிக்குடிகளுக்கு சேர் கொடுத்தது அரை வகுப்பு. 1763இல் மன்னர் அப்பலாச்சிய மலைக்கு மேற்கே யாரும் குடியேறக் கூடாது என்று பிரகடனம் போட்டதைச் சொன்னார், காணி வாங்கி விற்கக் காத்திருந்த வொஷிங்டன் போன்றவர்களுக்கு அது பிடிக்கவில்லை என்றும் சொன்னார், அதோடு சரி. 1779இல் அமெரிக்கத் தளபதி சலிவனின் படை இரோகுவா மக்களின் கிராமங்களையும் சோளக்காட்டையும் வரிசையாக எரித்ததும் வரவில்லை, ஆதிக்குடிகளின் சம்மதம் இல்லாமல் காணி எடுக்க மாட்டோம் என்று 1787 வடமேற்குச் சட்டத்தில் எழுதிவிட்டு எட்டு வருசத்தில் போர் செய்து இன்றைய ஓஹாயோவின் பெரும் பகுதியை எடுத்துக்கொண்டதும் வரவில்லை, 1830 வெளியேற்றச் சட்டமும் 1838இல் செரோக்கி மக்கள் நடந்தே போக வைக்கப்பட்டு ஆயிரக்கணக்கில் செத்ததும் ஒரு வரியாகத்தான் வந்தது. இவற்றை நானும் மகளும் பிறகு தேடி வாசித்தோம்.

ஏன் விடுபட்டது என்று யோசித்தேன். கரும்பலகையின் மேலே இருந்த இரண்டு கேள்வியும் வரி கட்டுகிறவனின் கேள்வி. யார் கட்டுவது, யாரைக் கேட்டு. காணியைப் பறிகொடுத்தவனுக்கு அந்த இரண்டிலும் இடம் இல்லை. யாருடைய காணி என்று மூன்றாவதாக ஒரு கேள்வி அங்கே முதல் நாளே இருந்திருந்தால் அந்த மக்கள் தானாகவே ஒவ்வொரு கிழமையும் வகுப்புக்குள் வந்திருப்பார்கள். இந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு அந்தக் கேள்வியை மறப்பது சரியில்லை என்று சேரிடம் நேரேயே சொன்னேன். நேரம் போதவில்லை என்றார். எனக்கு அது பதிலாகப் படவில்லை, அதையும் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை, பிளேன்ரீ ஊற்றித் தந்துவிட்டு, ஷேய்ஸுக்கும் விஸ்கிக்கும் இரண்டு கிழமை எடுத்ததை ஒன்றாக்கினால் இடம் வருமா என்று என்னிடமே கேட்டார். வரும் என்றேன்.

அடுத்த தொகுதி பொங்கலுக்குப் பிறகு தொடங்குகிறது. அனுப்புகிறவர்கள் இரண்டே முக்காலுக்கே பிள்ளையைக் கொண்டுபோய் விடுங்கள், யன்னல் பக்க வாங்கு கிடைக்கும், காற்றும் வரும் படமும் தெரியும். எண்பது பக்கக் கொப்பி போதாது, நூற்றிருபது வாங்குங்கள். கோட்டைக்குப் போகிற கிழமை தண்ணீர்ப் போத்தலும் தொப்பியும் கட்டாயம், அன்றைக்கு முடிந்தால் வேலையை ஒதுக்கிவிட்டு நீங்களும் போங்கள்.